சிப்பிக்கழிச் சேறும் ரோஜாச் சாயமும்

அடைக்கலமேரியைக் கன்னியர் மடத்திலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது 1949இல். காரணம் மீன்.

மடத்தில் சேரப் பயிற்சிக்கு வந்திருந்த பெண்களுக்கு அன்று நோவா காலத்துப் பிரளயம் பாடம். மனுஷரின் பாவம் பொறுக்காமல் கடவுள் மழையைக் கொட்டி, பெட்டகத்துக்கு வெளியே இருந்த எல்லா உயிரையும் அழித்துவிட்டார் என்று மதர் உருக்கமாகச் சொல்லி முடித்தார். பின்வரிசையிலிருந்து மேரி எழுந்தாள்.

"அப்ப மீனுக்கு என்ன தண்டனை மதர்? அதுக்கு ஒரே கொண்டாட்டமால்ல இருந்திருக்கும்?"

கேட்டதோடு விட்டிருந்தால் கொஞ்ச நேரம் முட்டிபோட வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். வாயைப் பொத்தினாள், மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. சாயங்கால செபத்தின் நடுவில், உலகமே முங்கிக் கிடக்க ஒரு கெண்டை மீன் மட்டும் ஊர் சுற்றிப் பார்ப்பதுபோல் நினைப்பு வந்து மறுபடி சிரித்தாள். ஒரு வாரத்துக்குள் அவளுடைய அப்பா மரியசூசை மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மரியசூசை ஆவூரில் உபதேசியார். ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும் சாவுக்கு மணியடிப்பதும் அவர் வேலை. வண்டி ஆவூரை நெருங்குகிறபோது, "கேள்வி ஞாயமாத்தான் இருக்கு. அத மனசுக்குள்ள கேக்கக்கூடாதா?" என்றார்.

அம்மா ஜெபமாலையம்மாளுக்கு ஞாயமெல்லாம் கவலை இல்லை. பிறந்து மூன்று மாசத்தில் மாந்தம் வந்து பிழைத்த பிள்ளை என்று மாதாவுக்கு நேர்ந்துவிட்டவள் அவள்தான். "மாதாவே வேண்டாம்னு அனுப்பிச்சவளை இனி எவன் ஏத்துக்குவான்?" என்று கிணற்றடியில் சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் இப்படி ஊருக்கே விளம்பரம் செய்ததால் உண்மையிலேயே எவனும் வரவில்லை. வல்லத்திராக்கோட்டைப் பக்கமிருந்து ஒரே ஒரு மாப்பிள்ளை வீட்டார் மட்டும் வந்தார்கள். பொண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். "தவளை அறுக்கத் தெரியும்" என்றாள் மேரி. அதற்குள் அவள் திருச்சியில் விலங்கியல் படிக்கச் சேர்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பலகாரத்தைக்கூட முடிக்காமல் எழுந்தார்கள்.

மீனைப் பற்றிக் கேள்வி கேட்டால் மார்க்கு கொடுக்கிற இடம் உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல். படித்து முடித்து, திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்புக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனாள். மயக்கமருந்து தவளைக்குக் கொடுத்தால் மாணவிகள் மயங்கி விழுவார்கள். அவர்களைத் தூக்கி உட்காரவைப்பதும் தவளை தப்பிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவள் உத்தியோகம்.

துறைத் தலைவர் புரொபசர் முத்துராமன். நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு எண்ணெய்ப் பித்து. அந்த நாளில் பூமிக்கடியிலிருந்து எண்ணெய் எடுக்கும் கிணறு எங்கே தோண்டலாம் என்று கண்டுபிடிக்க, மண்ணுக்குள் கிடக்கும் நுண்ணிய ஓடுகளை வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பதாக ஒரு பத்திரிகையில் படித்துவிட்டார். ஃபொராமினிஃபெரா என்று பெயர். கடலடியிலும் உப்பங்கழிகளின் அடியிலும் சேற்றுமேல் வாழும் ஒற்றைச் செல் உயிர். மணலைவிடச் சிறிசு. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றித் தானே ஓடு கட்டிக்கொள்ளும். எந்தக் காலத்து மண்ணில் எந்த ஓடு என்று தெரிந்தால், கீழே எண்ணெய் இருக்குமா என்று ஊகிக்கலாமாம். புரொபசருக்கு அதற்கப்புறம் தூக்கம் இல்லை.

"மேரி, நம்ம மணமேல்குடிக் கரை இருக்கு பாரு, இன்னொரு அரேபியா!"

"சார் அங்க போயிருக்கீங்களா?"

"வெயில் எனக்கு ஆகாது. நீ போயிட்டு வா."

இப்படித்தான் 1961 கோடை விடுமுறையில் அடைக்கலமேரி ஒரு தகரப்பெட்டியும் ஒரு சாக்கு நிறையக் கண்ணாடிச் சீசாவுமாக அறந்தாங்கியில் பஸ் மாறி, மணமேல்குடியில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்துக் கழிக்கரை என்ற மீன்பிடிக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தாள். ஊருக்கு முன்னால் சிப்பிக்கழி. ஒரு பக்கம் மணல்மேடு, அதற்கப்பால் கடல். மழைக்காலத்தில் கழி கடலில் சேரும் முகவாய் திறந்து இரண்டும் கலக்கும். கோடையில் மணல் மூடிக்கொண்டு கழி குளம்போலக் கிடக்கும். மேற்குக் கரையில் நாகராசு என்பவரின் மட்டைப் பட்டிகள். பனங்கம்பு நட்டு அடைத்து, அதற்குள் தேங்காய் மட்டையைக் கொட்டி மாசக்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறி அழுகியதும் பெண்கள் கட்டையால் அடித்து நார் எடுப்பார்கள். கீரமங்கலத்துப் பக்கமிருந்து வண்டி வண்டியாய் மட்டை வரும். நாற்றம் வண்டிக்கு முன்னாலேயே வந்து வரவேற்றது.

செல்லமுத்துவின் வீட்டை ஒட்டி இறக்கிய ஒரு சாய்ப்பு அவளுக்கு வாடகைக்குக் கிடைத்தது. செல்லமுத்து கழியில் இறால் வாருகிறவர். அவரிடம் ஒரு வத்தை இருந்தது, ஆளுயரக் கோலால் தள்ளிப் போகிற சின்னப் படகு. அவர் மனைவி பொன்னுத்தாய், நாகராசுவிடம் மட்டை அடிக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி. அந்த வீட்டில் புருஷன் கழியைத் திட்டமாட்டார், பெண்டாட்டி மட்டையைத் திட்டமாட்டாள். மற்ற எல்லாவற்றையும் இருவரும் திட்டுவார்கள்.

"டீச்சரம்மா, சேத்துல என்னத்தத் தேடுறீங்க? முத்தா?"

"பூச்சி தேடுறேன் செல்லமுத்தண்ணே."

"பூச்சிக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம்? எங்க வீட்டு அரிசிப் பானையைப் பாத்தாப் போதுமே."

மேரி கழியின் பல இடங்களில் வத்தையை நிறுத்தச் சொல்லி, அடிச்சேற்றை அள்ளி, அதன் மேல்தோலை மட்டும் கரண்டியால் வழித்துச் சீசாவில் போடுவாள். சாராயச் சத்தும் ரோஸ் பெங்கால் என்ற சாயமும் ஊற்றி மூடிவைப்பாள். அள்ளிய நேரத்தில் உயிரோடிருந்த பூச்சி சாயத்தைப் பிடித்துக்கொண்டு ரோஜா நிறமாகிவிடும். செத்ததன் வெற்று ஓடு வெள்ளையாகவே நிற்கும். அப்புறம் மெல்லிய சல்லடையில் அலசி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே பரப்பி, ஒற்றை முடித் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். நத்தைபோல் சுருண்டவை, குடுவைபோல் கழுத்து நீண்டவை, பால்வெள்ளையில் எள்ளுப்போல் மினுங்குபவை. மடத்தில் அத்தனை வருஷம் தியானத்தில் உட்காரப் பழக்கியும் வராத பொறுமை இப்போது எங்கிருந்தோ வந்தது.

"டீச்சரம்மா பூச்சிக்கு ரோஸ் பவுடர் போட்டுவிடுறாங்க" என்று ஊரில் பேச்சு. பொன்னுத்தாய் அதைத் தானே கிளப்பிவிட்டு, தானே வந்து, "என்னம்மா இப்புடிப் பேசுறாளுக" என்று வருத்தப்பட்டாள்.

புரொபசருக்கு வேண்டியது செத்த ஓடு. மேரியின் கண் போனதோ ரோஜா நிறத்தின்மேல். கிழக்கே முகவாய்ப் பக்கத்துச் சேற்றில் பத்துப் பன்னிரண்டு சாதிப் பூச்சிகள், பாதிக்குமேல் ரோஜா. நடுக்கழியில் சாதி குறைந்தது. மட்டைப் பட்டியை நெருங்க நெருங்க ஒரே ஒரு சாதிதான் மிஞ்சியது, அதுவும் சின்னதாய், கோணலாய், ஓடு அரித்துப்போய். பட்டியின் வேலியோரம் அள்ளிய சீசாவில் ரோஜா ஒன்றுகூட இல்லை. கறுப்புச் சேறு, கெட்டுப்போன முட்டை வாசம்.

திருச்சிக்குப் போய்ச் சொன்னாள்.

"பட்டிப் பக்கம் ஒண்ணுமே உசிரோட இல்ல சார்."

"உசிர் நமக்கெதுக்கு? ஓடு இருக்குல்ல?"

"ஓடும் கரைஞ்சுபோகுது சார். அந்தச் சேறு புளிச்சுப்போய்க் கெடக்கு."

"அப்ப அந்தப் பக்கம் அள்ளாதே" என்றார் புரொபசர்.

ஆனால் அவளுக்குக் கல்லூரி நூலகத்தில் ஒரு அமெரிக்கச் சஞ்சிகை கண்ணில் பட்டது. அங்கே ஊர்ச் சாக்கடைக் குழாய் கடலில் விழுகிற இடத்தில் இதே பூச்சிகளைப் பொறுக்கிப் பார்த்திருந்தார்கள். குழாய்வாயில் ஒரு சாதி, தள்ளிப் போகப் போகப் பல சாதி. தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை இந்தப் பூச்சியை வைத்தே சொல்லலாம் என்று எழுதியிருந்தது. மேரி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நூலகத்திலேயே சத்தமாக ஒரு விசில் அடித்தாள். ஆவூரில் ஆடு மேய்த்த காலத்தில் பழகிய விசில். நூலகர் வெளியே போகச் சொன்னார். வெளியே போனாள், சஞ்சிகையோடு.

அடுத்த வருஷம் தசரா விடுமுறைக்கு மறுபடி கழிக்கரைக்கு வந்தாள். புரட்டாசி. மழை பிந்திவிட்டது, முகவாய் மூடிக் கிடந்தது, கழித்தண்ணீர் கொதிக்கவைத்த கஷாயம்போல் இருந்தது. அவள் வந்த மூன்றாம் நாள் காலையில் ஊரே கரையில் நின்றது. மீன் மல்லாந்து மிதந்தது. மடவை, கெளுத்தி, குஞ்சுக் கொடுவா. இறால் கரையோரம் வெளுத்துக் குவிந்து கிடந்தது. செல்லமுத்து தண்ணீரில் இறங்கி ஒரு கொடுவாவை எடுத்து, செவுளைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். அவர் முகத்தைப் பார்க்க மேரியால் முடியவில்லை.

யார் முதலில் சொன்னது என்று தெரியாது. நாகராசு சொல்லியிருக்கலாம். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: அந்தப் பொம்பளை கழித்தாயோட அடிவயித்தைச் சுரண்டுறா, மருந்து ஊத்துறா, அதான் மீன் செத்துப்போச்சு. சிவப்புத் தண்ணியச் சீசாவுல வெச்சிருக்கறதை நாங்களே பாத்தோம்.

சாயங்காலம் வலை காயப்போடும் மேட்டில் கூட்டம் கூடியது. மேரியைக் கூப்பிட்டுவிட்டார்கள். பயமாய் இருந்தது. மடத்திலிருந்து ஒருமுறை துரத்தியாயிற்று, அது பரவாயில்லை. அங்கே அவர்கள் கையில் ஜெபமாலை இருந்தது, இங்கே இவர்கள் கையில் துடுப்பு இருந்தது. ஆனாலும் தகரப்பெட்டி, மைக்ராஸ்கோப், ஒரு மூங்கில் குழாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுதான் போனாள்.

நாகராசு வெள்ளை ஜிப்பாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மீசையைவிடக் குரல் பெரிசு.

"ஏம்மா, படிச்ச புள்ளைதானே? ஊரான் கழியில மருந்து ஊத்தலாமா?"

"கழியில ஊத்தல. சீசாவுல ஊத்துனேன். சந்தேகம்னா பாருங்க" என்று சாயத்தைத் தன் உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினாள். கை ரோஜாவாயிற்று. "நான் வந்து ஒண்ணரை வருஷந்தான் ஆகுது. கழி எப்பத்திலேருந்து கெட்டுப்போச்சுன்னு கழியவே கேப்பம்."

மூங்கில் குழாய் அன்று காலையிலேயே நடுக்கழியில் செங்குத்தாகக் குத்தி எடுத்தது. உள்ளே சேறு ஒரு முழ நீளத்துக்கு அப்படியே நின்றது. செல்லமுத்துவிடம் அரிவாள் வாங்கிக் குழாயை நெடுக்காகப் பிளந்தாள். கூட்டம் நெருங்கியது. மேலே நாலு விரற்கடை கறுப்பு, அதில் பொடிப்பொடியாய்த் தேங்காய் நார். அதற்குக் கீழே அடிவரைக்கும் சாம்பல் நிறம், நார் இல்லை.

"வருஷாவருஷம் சேறு ஒண்ணுமேல ஒண்ணாப் படியும். அடியில இருக்கறது பழசு, மேல இருக்கறது புதுசு. நேத்து இதே மாதிரி ஒண்ணு குத்தி அலசிப் பாத்தேன், அடியில பத்துச் சாதிப் பூச்சியோட ஓடு கெடக்கு. நார் வந்த எடத்துக்கு மேல ரெண்டு மூணு சாதிதான். மட்டை எப்ப வந்துச்சோ அப்பத்திலேருந்து அடிச்சேத்துக்கு மூச்சு இல்ல. மட்டை அழுகறப்ப தண்ணியில இருக்கற காத்தை அதுவே குடிச்சிருது. இந்த வருஷம் முகவாயும் மூடிக்கிச்சு, புதுத் தண்ணி வரல, மீனும் செத்துச்சு."

"மீன் செத்தது மீனைப் பாத்தாத் தெரியாதா? பூச்சியெதுக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மேரிக்கு அவர்மேல் பிரியமே வந்துவிட்டது.

"மீனுக்கு வால் இருக்குங்க, ஒரு பக்கம் கெட்டுப்போனா இன்னொரு பக்கம் ஓடிரும். ஓட எடமில்லாதப்பதான் சாகும். இதுக்கு ஓட வழியே இல்ல. இருந்த எடத்துலயே சாகும், செத்தாலும் ஓடு கெடக்கும். மீன் சாகறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே இது சொல்லிரும்."

மைக்ராஸ்கோப்பைப் பெஞ்சில் வைத்தாள். சாயங்கால வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, முகவாய்ச் சேற்றின் ரோஜாப் பூச்சிகளைக் காட்டினாள். வரிசை நின்றார்கள். ஊர்ப் பூசாரி நெடுநேரம் பார்த்துவிட்டு, கரிய நிறத்தில் பெரிய நாகம் ஒன்று வளைந்து படுத்திருப்பதாக அறிவித்தார். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது அவருடைய கண் இமை முடி என்று மேரி சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒரு தெய்வம் தன் பக்கம் இருப்பது நல்லதுதான் என்று பட்டது.

ஆக அவள்மேல் இருந்த பழி நீங்கியது. ஆனால் அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. நாகராசு எழுந்தார்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்காகக் கண்ணுக்கு நல்லாத் தெரியற அடுப்பை அணைக்கச் சொல்றியா? மட்டையை நிறுத்துனா இந்தப் பொம்பளைங்க சோத்துக்கு எங்க போவாளுக?"

மட்டை அடிக்கும் பெண்கள் பொன்னுத்தாயின் பின்னால் நின்றார்கள். மட்டைத் தண்ணீரில் நின்று நின்று அவர்கள் கால்விரல் இடுக்கெல்லாம் புண். ஆனாலும் நின்றார்கள்.

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. அந்தத் தண்ணி உங்க காலையே திங்குது."

"திங்குதுதான்" என்றாள் பொன்னுத்தாய். "எறால் வாரறவுக மழை வந்தா வீட்ல இருப்பாக, காத்து அடிச்சா வீட்ல இருப்பாக. மட்டை வருஷம் முச்சூடும் இருக்கும். நீங்க காலேஜிக்குப் போயிருவீங்க. நாங்க எங்கிட்டுப் போறது?"

மேரி மைக்ராஸ்கோப்பைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அவள்மேல் சமமாய்க் கோபமாக இருந்தார்கள். செல்லமுத்துவுக்கு, அவள் மட்டையை நிறுத்தவில்லை என்று. பொன்னுத்தாய்க்கு, நிறுத்தப் பார்த்தாள் என்று. குழம்பில் உப்பு அதிகம்.

திருச்சிக்குத் திரும்பி நடந்ததைப் புரொபசரிடம் சொன்னாள். கழி கெட்டது அவர் காதில் ஏறவில்லை. ஒரு முழ நீளத்துக்குச் சேற்றைக் குழாயில் குத்தி எடுத்தாள் என்பது மட்டும் ஏறியது. "ஆழத்து மண்ணா!" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வெயில் ஆகாத மனுஷர், தலையில் சோலாத் தொப்பியும் கையில் குடையும் கறுப்புக் கண்ணாடியுமாக, பொங்கல் விடுமுறைக்குக் கழிக்கரைக்கே வந்து இறங்கினார்.

வந்தவர் கரையில் நின்று கழியைப் பார்த்துக் கைகளை விரித்தார். அங்கே நின்றவர்களிடம் ஒரு பிரசங்கமே செய்தார். மேரி கல்லூரியில் பலமுறை கேட்டதுதான். பூமிக்குள் எண்ணெய், எண்ணெய்க்கு மேல் மண், மண்ணுக்குள் ஓடு, ஓட்டைக் கண்டவன் அதிர்ஷ்டசாலி. "எதிர்காலத்துல இந்தக் கழியச் சுத்தி இரும்புக் கோபுரமா நிக்கும். சர்க்கார் ஆளுங்க வந்து அளப்பாங்க!"

நாகராசு பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மீசை ஒருபக்கம் துடித்ததை மேரி பார்த்தாள்.

மறுநாள் காலை அவர் செல்லமுத்துவின் வாசலில் வந்து நின்றார். குரல் பாதியாய்க் குறைந்திருந்தது.

"டீச்சரம்மா, ஒரு நிமிஷம். சர்க்கார் ஆளு வந்து பாத்தா... இந்த மட்டைப் பட்டியெல்லாம் அவங்களுக்கு எடஞ்சலா இருக்குமோ?"

மேரிக்கு அவர் பேச்சு எங்கே போகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இருக்கலாம்" என்றாள்.

"எண்ணெய் கெடைக்கிற எடத்துல நார் கலந்து கெடந்தா, பூச்சி சரியாத் தெரியாதுல்ல?"

"தெரியாது." அது உண்மை.

"மேற்குக் கரை பூரா என் குத்தகை. சுத்தமா வெச்சிருந்தா எனக்குத்தானே மரியாதை? அப்ப மட்டையை எங்கிட்டு மாத்தலாம்? நீங்கதான் தண்ணி போற வார எடமெல்லாம் அளந்திருக்கீங்க."

அந்தக் கணத்தில் அவள் சொல்லியிருக்கலாம்: இங்கே எண்ணெயும் இல்லை, வெண்ணெயும் இல்லை, எங்கள் சாருக்குப் படித்ததெல்லாம் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். வாய்வரைக்கும் வந்தது. வருஷக்கணக்காய்க் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டு, சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லி வந்த வாய். அன்றைக்கு மூடிக்கொண்டது.

"கடல் பக்கம், மணல்மேட்டுக்கு வடக்க" என்றாள். "அங்க தனியா ஒரு வாய்க்கால் வெட்டுங்க. ரெண்டு முனையும் கடலுக்குத் தொறந்திருக்கணும். ஓதம் ஏறி எறங்கறப்ப தண்ணி மாறிக்கிட்டே இருக்கும். மட்டையும் ஊறும். பொம்பளைங்க காலும் இம்புட்டுப் புண்ணாகாது."

"கால் கெடக்கட்டும். கோபுரம் எங்க வரும்னு மட்டும் சாரைக் கேட்டுச் சொல்லுங்க."

மாசி மாசத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். பங்குனிக்குள் பட்டிகளைப் பிடுங்கி, மட்டையை இரண்டு லாரியில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். பொன்னுத்தாயும் மற்றப் பெண்களும் கூடவே போனார்கள். நடை கொஞ்சம் தூரம் என்று முனகினாள், அப்புறம் பழகிவிட்டது. காரணம் ஊருக்கெல்லாம் தெரியும்: நாகராசு எண்ணெய்க் கிணற்றுக்கு இடம் ஒதுக்கிவைத்திருக்கிறார். மேற்குக் கரையில் ஒரு கொடிமரம்கூட நட்டுவைத்தார், சர்க்கார் வந்தால் அடையாளத்துக்கு.

மேரிக்கு உறுத்தல். உபதேசியார் மகளுக்கு அது லேசில் போகாது. அந்த உயிர்ப்பு விழாவுக்கு ஊர் போகும் வழியில் ஒரு பங்குக் கோவிலில் நுழைந்து பாவசங்கீர்த்தனக் கூண்டில் முட்டிபோட்டாள்.

"அறிஞ்சு ஒரு ஆளைப் பொய்ய நம்பவிட்டேன் சாமி. எண்ணெய் இருக்குன்னு அவர் நெனைக்கிறார். இல்லைன்னு எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல."

"எதுக்கு மகளே?"

"பூச்சிக்காக சாமி."

பூச்சி என்றால் என்ன என்று அவள் விளக்கினாள். கழி, மட்டை, இறால், பொன்னுத்தாயின் கால் எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் தொண்டையைச் செருமினார்.

"அந்த எடம் மணமேல்குடிக்கு வடக்கையா, தெக்கையா?"

"தெக்க சாமி."

"அங்கிட்டு எங்க அண்ணனுக்கு ஒரு தோப்பு இருக்கு..."

"சாமி, எண்ணெயே இல்லைன்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ஆமா, ஆமா" என்றவர் அபராதமாகப் பத்து அருள்நிறை மந்திரம் கொடுத்தார். மேரி அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் இரண்டுமுறை சிரித்துவிட்டாள். அதற்காக இன்னும் பத்துச் சேர்த்துச் சொன்னாள்.

எண்ணெய் வரவில்லை. நாகராசு ஒரு வருஷம் காத்திருந்தார். இரண்டாம் வருஷம் புரொபசருக்கு ஆளனுப்பிக் கேட்டார். புரொபசர் அதற்குள் திமிங்கிலத்தின் காதெலும்புக்கு மாறிவிட்டிருந்தார். சிப்பிக்கழி ஓடுகளைப் பற்றிய கட்டுரையைத் தன் பேரில் அனுப்பியாயிற்று, அதோடு அவருக்கு அந்தக் கரை முடிந்தது. "அந்த மட்டை, அழுகல் எல்லாம் எனக்கெதுக்கு? அந்தக் குப்பைய நீயே எழுதிக்க" என்று மேரியிடம் சொல்லிவிட்டார். அவள் எழுதிக்கொண்டாள். தேங்காய் மட்டை ஊறும் கழியொன்றில் அடிவாழ் நுண்ணுயிர்களின் நிலை என்று சின்னக் கட்டுரை. முதன்முதலாக அச்சில் அவள் பேர். ஆவூருக்கு ஒரு பிரதி அனுப்பினாள். மரியசூசைக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். மகள் பேரை மட்டும் கண்டுபிடித்து, பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடமெல்லாம் விரல் வைத்துக் காட்டினார்.

நாகராசு ஏமாந்ததற்கு ஆத்திரப்படுவார் என்று மேரி பயந்துகொண்டேதான் 1965இல் மறுபடி கழிக்கரைக்குப் போனாள். அவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். இறால் கழிக்குத் திரும்பி இரண்டு பருவம் ஆகியிருந்தது. சுவரில் காவி எழுத்தில், "கழியைக் காத்த நாகராசுவுக்கே உங்கள் வாக்கு" என்று எழுதியிருந்தது.

"டீச்சரம்மா, வாங்க வாங்க! அன்னைக்கே நான் சொன்னேன்ல, மட்டை அழுகுனா தண்ணியில காத்து இருக்காதுன்னு? யாரும் கேக்கல!"

செல்லமுத்துவுக்குத் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டு இருமல் வந்தது. மேரி கும்பிட்டு, "ஆமாங்கய்யா, நீங்கதான் சொன்னீங்க" என்றாள். அவர் ஜெயித்தார். ஜெயித்தபிறகு பழைய பட்டி இருந்த இடத்தில் மட்டை போட இன்னொருத்தன் வந்தபோது, ஆள் வைத்து அடித்தே துரத்தினார். அந்த மட்டில் நல்ல தலைவர்தான்.

அந்தக் கோடையில் மேரி பழைய இடங்களிலெல்லாம் சேறு அள்ளினாள். செல்லமுத்து வத்தையைத் தள்ளினார். இந்தமுறை பொன்னுத்தாயும் ஏறிக்கொண்டாள், அன்று வாய்க்காலில் வேலை இல்லை. மேற்குக் கரையின் கறுப்பு இன்னும் போகவில்லை. அது லேசில் போகாது என்று மேரிக்குத் தெரியும். ஆனால் அதன்மேல் மெல்லிய சாம்பல் தோல் ஒன்று படிந்திருந்தது. சாய்ப்பில் உட்கார்ந்து அலசிப் பார்த்தபோது வேலி இருந்த இடத்துச் சேற்றில் மூன்று சாதி. மூன்றிலும் ரோஜா.

"மூணுதானா?" என்றார் செல்லமுத்து. "முகவாயில பத்துப் பன்னெண்டுன்னீங்க."

"மூணு போதும்ணே இப்போதைக்கு."

பொன்னுத்தாய் மைக்ராஸ்கோப்பின்மேல் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். முதலில் தவறான கண்ணை மூடினாள், அப்புறம் சரிசெய்துகொண்டாள். நேரம் போயிற்று. செல்லமுத்து தோளைத் தட்டி, "எனக்கு விடு" என்றார். அவள் நகரவில்லை.

"இருய்யா. இப்பத்தான் பாக்கவே வந்திருக்கேன்."